கற்பூரம் அடித்த கைகள்

1929 ஜூலை 14, கொல்லங்கோடு

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட விடுமுறை கிடையாதாம். ஏட்டு என்னை உட்காரச் சொல்வதில்லை. தீவின் சட்டசபையில் கவர்னருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "நீங்கள் மூட்டை கட்டுகிற நாள் வந்துவிட்டது" என்று சொன்ன ஆள் நான். இங்கே ஒரு முக்காலிக்கு வழியில்லை.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதைத்தான் தாங்க முடியவில்லை. "பேச்சையெல்லாம் அந்தச் சீமையோட உட்டுப்போட்டு வயலைப் பாருடா சென்னி" என்கிறார் அண்ணன் செங்கோட்டையன். மருதாத்தாளைக் கேட்கவே வேண்டாம். கல்யாணம் ஆன வருஷமே கப்பலேறியவன் நான். இத்தனை காலத்தில் ஒரே ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தேன். இப்போது வெள்ளைக்காரன் என்னை நாடு கடத்தியதில் அவளுக்குப் புருஷன் கிடைத்திருக்கிறான்.

"அந்தக் கவர்னருக்கு ஒரு கும்புடு போடோணுமுங்க. நான் கூப்புட்டு வராதவரை அவன் கையோட கொண்டாந்து உட்டுட்டான் பாருங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது. மாசி மாதம் அங்கே தேர்தல். நான் இங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 23

மழை. நாள் முழுக்க யாரோடும் பத்து வார்த்தை பேசவில்லை. நான் இல்லாத மேடையில் யார் பேசுகிறார்கள்?

ஆகஸ்ட் 2, ஆடி வெள்ளி

அண்ணி ராசம்மாள் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். என்னை அறியாமல் வலது கை நீண்டுவிட்டது. அணைக்கப் போகிறேன் என்று பயந்து, "அய்யோ, என்னுங்க கொழுந்தனாரே!" என்று கத்திவிட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? தீவில் அந்தக் கற்பூரத்தை வைத்துத்தான் நான் தலைவன் ஆனேன். கோர்ட்டில் துபாஷியாகப் போனவன். கூலிக்காரர் வழக்குகளை மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் கடைசியில் அவர்களுக்காகவே பேச ஆரம்பித்தவன். வக்கீல் ஏசுரத்தினம் சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது பட்டணம் அவர் பக்கம் இருந்தது. கரும்புத் தோட்டங்கள் யார் பக்கமும் இல்லை. தேர்தல் என்றால் கங்காணிமார் கூலிக்காரர் குடியிருக்கிற லயன் லயனாகச் சாராயம் ஊற்றுவார்கள், சீட்டு முழுவதும் துரைமாரின் பச்சைப் பெட்டியில் விழும். எங்களிடம் சாராயத்துக்கு வகை ஏது? நான் தோட்டத்துக்குத் தோட்டம் போனேன். மாரியம்மன் முன்னால் தட்டில் கற்பூரத்தை ஏற்றினேன். எங்கள் கட்சிக்கு மஞ்சள் பெட்டி. "உசுரு இருக்கிற மட்டும் மஞ்சப் பெட்டியத் தவிர வேற பெட்டியில என் சீட்டு உழுவாது" என்று சொல்லி ஒவ்வொருவராக அடித்து அணைத்தார்கள். ஆண் பெண் எல்லோரும்.

"இதென்ன சென்னி, காட்டுமிராண்டித்தனமாக இருக்கிறதே" என்றார் ஏசுரத்தினம். பெட்டியைத் திறந்து எண்ணியபோது என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றைக்குத்தான் எனக்குச் சட்டசபை நாற்காலி.

அந்தச் சத்தியத்துக்கு ஒரு கட்டு உண்டு. வாங்கியவன் நேரில் வந்து அதே சந்நிதியில் நின்று "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவன் சாக வேண்டும். அதுவரை அது அவிழாது. அது பெரிய பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19

யாக்கோபு வந்திருக்கிறான்! கப்பலில் சமையல் வேலை, தூத்துக்குடிக்காரன், தீவுக்கும் இங்குமாக எங்கள் கட்சிக்குச் சேதி சுமப்பவன். பாலக்காட்டில் இறங்கி மாட்டுவண்டி பிடித்து வந்தானாம். அவனைப் பார்த்ததும் நான் துள்ளிய துள்ளலில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சாப்பிட உட்காராமல் நின்றான். "அண்ணாச்சி, அங்க நெலம சரியில்ல" என்றான்.

ஏசுரத்தினம் தீவுக்காரத் தலைவர்களோடு உடன்படிக்கை செய்துவிட்டாராம். சுதந்திரம் வந்ததும் தீவில் பிறக்காதவர்களுக்கு ஓட்டு இல்லை, நிலம் இல்லை. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். மேடையிலேயே சொல்கிறாராம். லயன்களுக்கு எல்லாம் தெரியுமாம்.

"அப்புறம் என்ன? மஞ்சள் பெட்டியில் போடாமல் இருக்க வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

யாக்கோபு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எப்படிப் போடாம இருப்பாவ? நீங்கல்லா கற்பூரம் அடிக்க வச்சிருக்கிய. நம்ம கூட்டத்துல கரும்பு வெட்டுக்காரன் சூசையப்பன் தனியா நிக்கான், நீலப் பெட்டி. எல்லாருக்கும் அவம்மேல பிரியந்தான். ஆனா அழுதுக்கிட்டேதான் மஞ்சப் பெட்டியில போடப் போறாவ."

ஆகஸ்ட் 20

தூங்கவில்லை. சோறு இறங்கவில்லை. நான்தானே, நான்தானே கட்டினேன். அவர்கள் கழுத்தில் போடுகிற கயிற்றுக்கு அவர்கள் கையையே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எழுதி அனுப்பலாமா என்று யாக்கோபிடம் கேட்டேன். "துரைமாரும்தான் ஒங்க பேர்ல பொய் நோட்டீசு அடிச்சாவ. அதுக்கு அப்புறம் தாளை எவன் நம்புதான்? ஆளு வந்து நிக்கணும் அண்ணாச்சி." சரி, ஆள் போகிறேன்.

செப்டம்பர் 6

தூத்துக்குடித் துறையில் பிடித்துவிட்டார்கள். கித்தான் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தேன். முகத்தில் டார்ச்சு அடித்தவன், "என்ன மெம்பர் சார், சவுக்கியமா?" என்றான். எவனோ என் பேச்சைப் பத்திரிகையில் படித்தவன். அவமானத்தில் செத்தேன்.

செப்டம்பர் 11

விலங்கோடு கொல்லங்கோட்டில் இறக்கினார்கள். அண்ணன் ஜாமீன் நின்றார். வாசலில் வைத்துக் கேட்டார்: "அங்க என்னடா வெச்சிருக்கறே? பொண்டாட்டி இங்க, காடு கரை இங்க. அங்க என்னதான் வெச்சிருக்கறே?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாவன்மைக்குப் பெயர் போனவனாம் நான்.

இனிமேல் காலையிலும் மாலையிலும் கையெழுத்து.

செப்டம்பர் 24

இதை எழுதலாமா? எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்.

நேற்று யாக்கோபு கப்பலுக்குத் திரும்பப் புறப்பட்டான். அண்ணன் முன்னால் ஒன்றும் பேசாதவன், வண்டி மாடு பூட்டுகிற இடைவெளியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஒங்க உசுரு இருக்க மட்டும் அந்தக் கையி அவிழாது அண்ணாச்சி. நான் தப்பாச் சொல்லல." உடனே வாயில் அடித்துக்கொண்டு, "கர்த்தரே, என்ன பேச்சு பேசிட்டேன்" என்றான். நான்தான் அவனை வண்டியிலிருந்து இறக்கி, அடுத்த கப்பல்வரை இருக்கச் சொன்னேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

இன்று காலை கிணற்று மேட்டில் நின்றேன். நினைத்ததை எழுத மாட்டேன். மருதாத்தாள் குடத்தோடு வந்தாள்.

"ஏனுங்க, எத்தனை நேரமா அங்கயே நிக்கறீங்க? வாங்க இப்படி."

கையைப் பிடித்து இழுத்து மரத்தடியில் உட்கார வைத்தாள். யாக்கோபு சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் தங்கை பூவாத்தாள் குடும்பத்தோடு தீவில்தான் இருக்கிறாள். என் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்கள். குழந்தைகள் எல்லாம் இங்கே பிறந்தவை. மருதாத்தாள் குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்க நெசமாச் சாகோணுமா, இல்ல செத்துட்டீங்கன்னு அவிங்க நம்புனாப் போதுங்களா?"

"நம்பினால் போதும். எவன் நம்புவான்? வதந்தியில் துரைமார் என்னை எத்தனையோ தரம் கொன்றாயிற்று."

அவள் தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்தாள். "இதை எறக்குனா நம்புவாங்களா?"

பைத்தியமாடி உனக்கு என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இந்த ஊர்ல பாதி ஊட்டுக்கு அங்க சொந்தம் இருக்குது. மருதாத்தா வெள்ளைச் சீலை கட்டிட்டாளாம்னா அடுத்த கப்பல்ல அங்க போயிரும். பொய்க்குத் தாலி எறக்குவாள்னு எவளையும் எவரும் நெனைக்க மாட்டாங்க. அதனால நம்புவாங்க."

"வாயை மூடு."

"கெணத்து மேட்டுல நீங்க நின்ன நெலையப் பாத்தனுங்க. நெசத்துக்கு எறக்கறதுக்குப் பொய்க்கு எறக்கறது மேலுங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அடுத்ததையும் சொன்னாள். மூன்று மாதமாம். பூச்சி பொட்டு இல்லாமல் கிடந்த வயிற்றில் இப்போது போய்!

செப்டம்பர் 25

மாட்டேன்.

செப்டம்பர் 27

மாட்டேன் என்றால் என்ன செய்யப் போகிறாய் சென்னியப்பா? மாசி மாதம் அவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் உன்னை நினைத்துக்கொண்டு மஞ்சள் பெட்டியில் போடுவார்கள். பூவாத்தாள் போடுவாள். பிறகு அவளைக் கப்பலேற்றுவார்கள். நீ இங்கே பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவாயா?

அண்ணனிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "அவரு பொய்யழுவை அழுவ மாட்டாருங்க" என்றாள். உண்மைதான். அவரை ஏமாற்றத்தான் வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். இந்தக் கைக்கு, இந்த வாய்க்கு, இனி மேடை கிடையாது. செத்தவன் எந்தத் தேர்தலில் நிற்பது? தீவு விடுதலை ஆகிற நாளில் கொடிமரத்தடியில் நிற்பேன் என்று எத்தனை முறை மனதுக்குள் வேஷம் கட்டிப் பார்த்திருக்கிறேன். அதுவும் போயிற்று. வெட்கமாக இருக்கிறது, மனைவியின் தாலியைவிட எனக்கு முதலில் அதுதான் வலித்தது.

அக்டோபர் 8, பழனி

மனைவி முழுகாமல் இருக்கிறாள், பழனிக்கு நேர்ந்துகொண்டேன் என்று ஏட்டிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். "மூணு திவசம். கூடுதல் பாடில்ல, கேட்டோ" என்றார் மலையாளத்தில்; மூன்று நாளுக்கு மேல் கூடாதாம். முதல் முறையாக உட்காரவும் சொன்னார்.

இங்கே காலரா. தெருவுக்குத் தெரு பாடை. பேர் தெரியாமலே எத்தனையோ பேரைக் கொண்டுபோய் எரிக்கிறார்கள். யாக்கோபு என் சால்வையையும் அரைஞாணையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நாளை நான் அங்கே செத்துப்போவேன். புறப்படும்போது மருதாத்தாள் இலையில் இரண்டாவது தரம் சோறு வைத்தாள். நான் தின்றேன். எப்படித் தின்றேன்?

அக்டோபர் 25, கம்பம்

யாக்கோபு வந்து சேர்ந்தான். சொல்லு சொல்லு என்று அரித்தேன். சொன்ன பிறகு ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

அண்ணன் சால்வையைக் கையில் வாங்கினாராம். மோந்து பார்த்தாராம். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய், நல்லா இருந்த வரப்பை வெட்ட ஆரம்பித்துவிட்டாராம். "தண்ணியெல்லாம் பாழாப் போவுது, யாராலும் புடிக்க முடியல." கருமாதி அன்று மொட்டை அடித்துக்கொண்டு எனக்குப் பிண்டம் வைத்தாராம்.

"அவள்?"

"விடியுமுன்ன கெணத்தடியில வச்சு எறக்குனாவ. அவிய அழல. கல்லு மாதிரி நின்னாவ. அதப் பாத்துத்தான் ஊரே அழுதிச்சு." யாக்கோபு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் பொய்ச்சாட்சி சொல்லிட்டேன். கர்த்தர் என்னய என்ன கேப்பாரோ."

நாளை அவன் கப்பலுக்குப் போகிறான், என் சாவைச் சுமந்துகொண்டு.

நவம்பர் 14, வண்டன்மேடு

கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி வந்தாயிற்று. திருவிதாங்கூர் எல்லை; மலபார்ப் போலீசுக்கு இங்கே வேலையில்லை. ஏலக்காட்டில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றார்கள். பெயர் அப்புசாமி என்று சொன்னேன். கங்காணி சங்கையா கம்பத்துக்காரர். "மூஞ்சியப் பாத்தா பெரிய எடத்து ஆளு மாதிரி இருக்கீரு, அட்டை கடிக்குத் தாங்குவீராய்யா?" என்று கேட்டார்.

டிசம்பர் 3

குளிர். காய் உலர்த்துகிற ஸ்டோரில் விறகுப் புகை. என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

1930 ஜனவரி 19

சம்பளத் தகராறு. பெண்கள் ஸ்டோர் முன்னால் கூடி நின்றார்கள். எனக்கு நாக்கு துடித்தது. இரண்டே வாக்கியம் போதும், அவர்களை ஒரே குரலில் பேச வைத்துவிடுவேன். வாயைத் திறந்தால் ஊர் விசாரிக்கும், யாரய்யா இவன் என்று. அவர்களில் சுருளியம்மாள் என்பவள் என்னைப் பார்த்து, "கணக்குப்புள்ளைக்கு வாயில கொழுக்கட்டையா? ஒரு நாயம் பேச மாட்டீகளோ?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 27

கம்பத்துக் கடையிலிருந்து பத்திரிகை வந்தது. ஒரு மூலையில் எட்டே வரி.

தீவுத் தேர்தலில் சுதந்திரக் கட்சி படுதோல்வி. கரும்புத் தோட்டத் தொகுதிகளில் மஞ்சள் பெட்டிகள் ஏறக்குறைய காலி. சூசையப்பன் உள்படக் கூலிக்காரர் தரப்பில் மூவர் தேர்வு. மற்ற இடங்களில் துரைமார் கட்சி. உடன்படிக்கை செல்லாமல் போயிற்று. கடைசியில் கவர்னர் சொன்னது: தீவு மக்கள் சுதந்திரம் கேட்கவில்லை என்பது நிரூபணமாகிவிட்டதாம்.

ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்றேன். அவிழ்ந்துவிட்டது. கைகள் அவிழ்ந்துவிட்டன. பூவாத்தாள் அங்கேயே இருப்பாள், அவள் பிள்ளைகள் இருப்பார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டாமா? பதினோரு வருஷம் நான் கட்டியது, வெள்ளைக்காரன் ஜெயிலில் வைத்தும் உடைக்க முடியாதது, என் கருமாதியில் உடைந்தது. தீவுக்கு விடுதலை வேண்டும் என்று முதலில் தோட்டத்தில் பேசியவன் நான். அதைத் தோற்கடித்தவனும் நானே. சரியா? தப்பா? எவனிடம் போய்க் கேட்பேன், ஏசுரத்தினத்திடமா?

அய்யோ, தாங்கலையே.

மே 5

யாக்கோபு கம்பத்தில் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். பெண் குழந்தை. இருவரும் நலம். செத்தவன் ஜாடையே என்று ஊர் சொல்கிறதாம்.

நவம்பர் 30

அவள் வந்துவிட்டாள்.

ஸ்டோர் வாசலில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. யாரோ என்று இருந்துவிட்டேன். என் மனைவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

யாக்கோபு மூலம் என் இடம் தெரிந்து, கம்பத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிப் புறப்பட்டாளாம். "உங்க அண்ணன் ஒண்ணுமே கேக்கலீங்க. அவரே வண்டி கட்டுனாரு. 'மலையில குளுரும் அம்மணி'ன்னு ஒரு கம்பளியக் குடுத்தாரு. நான் மலைக்குன்னு சொல்லவே இல்லீங்க." கம்பளி பெரியது. ஆண்பிள்ளை போர்த்துகிற அளவு.

மறுபடி தாலி கட்ட ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தேன். எடுத்தேன். அவள் கையை மறித்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. அந்தச் சீமையில இருந்து ஆளுங்க இந்த மலைக்கும் வர்றாங்க, போறாங்க. மறுபடியும் தேர்தல் வருமில்ல? நான் தாலியோட திரிஞ்சா நீங்க உசுரோட இருக்கறது அங்க போயிரும். ஒருக்கா எறக்குனது எறக்குனதாவே இருக்கட்டும்."

"அப்படியானால் இந்த ஊருக்கு நீ எனக்கு யார்?"

"சங்கையா அண்ணங்கிட்ட சொல்லீட்டனுங்க. எறந்து போனது உங்க அண்ணன்னு. நான் உங்களுக்கு அண்ணியுங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையை என் கையில் கொடுத்தாள். நான் முதல் முறையாக வாங்கினேன். கனமாக இருந்தது.

1931 டிசம்பர் 12

தீவிலிருந்து திரும்பிய ஒருவர் இன்று காய் எடுக்கச் சேர்ந்தார். பெரியமுத்து என்று பெயர். எட்டிக் கிடக்கிற தோட்டத்தில் இருந்தவர்; என்னைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பார் போலும், அடையாளம் தெரியவில்லை. குளிர் காய்ந்துகொண்டு சூசையப்பன் சட்டசபையில் பேசியதைச் சொன்னார். தீவை விட்டு வெள்ளைக்காரன் போக வேண்டும், போகிற நாளில் லயன்காரனுக்கும் நிலம் வேண்டும் என்று ஒரே மூச்சில் பேசினானாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

"சென்னியப்பக் கவுண்டர்னு ஒரு மகராசன் இருந்தாரு" என்று என்னிடமே சொன்னார். "அவரு செத்துத்தான் எங்க கையி எங்களுக்கு வந்துச்சு. நல்ல நேரத்துல செத்தாரு."

"ஆமாம், நல்ல நேரம்தான்" என்றேன். மருதாத்தாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரியமுத்து போன பிறகு குழந்தை தட்டுத் தடுமாறி நடந்து வந்து என் முழங்காலைப் பிடித்தாள். இத்தனை நாள் ப்பா, ப்பா என்று வெறும் சத்தம்தான் வரும். அது வரும்போதெல்லாம் அவளைத் தூக்கிக்கொள்வேன். மருதாத்தாள் பல நாளாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இன்று திருத்தமாக வந்தது.

"சித்தப்பா" என்றாள்.

"என்னடா கண்ணு" என்று கேட்டேன்.